வெள்ளச்சி நடந்த வழி

கையில் காகிதமும் பேனாவுமாக யார் வந்து நின்றாலும் மூக்காயியிடம் ஒரே பதில்தான் கிடைக்கும். "நாங்க அந்தப் பக்கம் போறதே இல்லைய்யா." எந்தப் பக்கம் என்று அவர்கள் கேட்டு முடித்திருக்கக்கூட மாட்டார்கள். கல்யாணமான புதிதில் ஒருநாள் உள்ளதை உள்ளபடி சொல்லி, அரசாங்கத் தோப்பில் மேய்ந்த இருபது ஆடுகளையும் பவுண்டுப் பட்டியில் அடைக்கவிட்டவள் அவள். மாமனார் ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. அதற்குப் பிறகு முப்பது வருஷமாக, வேடசந்தூர்ப் பக்கத்துக் காடுகரையெல்லாம் செம்மறிகளோடு சுற்றி வந்தும், ஏட்டுக் கணக்கில் அவள் எங்கேயுமே போகாத பொம்பளை.

ஊருக்கும் குளத்துக்கும் நடுவே கிடந்த தரிசை ஒரு சோலார் கம்பெனி குத்தகைக்கு எடுத்தபோது, திண்டுக்கல்லிலிருந்து லிடியா வந்தாள். பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிற பெண். வெயிலிலிருந்து மின்சாரம் எடுப்பது நல்ல காரியம், ஆனால் அதனால் யார் பிழைப்பில் மண் விழுகிறது என்பதையும் முதலிலேயே கண்டுபிடித்துச் சரிசெய்ய வேண்டும், அதற்குத்தான் இந்த ஆராய்ச்சி என்று பொறுமையாகச் சொன்னாள். மூக்காயி பார்த்ததோ அவள் கையிலிருந்த காகிதத்தை மட்டும்.

"இந்த நெலத்துல ஆடு மேய்ப்பீங்களாம்மா?"

"நாங்க அந்தப் பக்கம் போறதே இல்ல தாயி."

லிடியா அப்படியே எழுதிக்கொண்டு போனாள்.

மூன்று மாதம் கழித்து வேலிக்கல் ஊன்ற வந்தார்கள். குளத்துக்குப் போக ஒரு சந்துகூட விடவில்லை. சுற்றிப் போனால் ஆறு மைல், அதுவும் லாரி ஓடுகிற தார்ரோடு; சினையாடு நடக்குமா அதில்? மூக்காயி வேலி மேஸ்திரியிடம் சண்டைக்குப் போனாள். "ஆராய்ச்சிக்காரங்க கணக்குலயே இந்த வழியா யாரும் போறதில்லன்னுதான் இருக்காம்" என்றார் அவர். தன் வாயாலேயே தன் ஆடுகளின் தண்ணீரை அடைத்துவிட்டோம் என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. குளம் போனால் அறுபது உருப்படியையும் விற்றுவிட வேண்டியதுதான்.

போன் போட்டதும் லிடியா மறுநாளே வந்துவிட்டாள்.

"பொய் சொல்லிட்டேன் தாயி. பேப்பரைப் பாத்தா அந்தப் பேச்சு தானா வந்துருது."

"என் மேலயும் தப்பிருக்கும்மா. கேட்டுட்டு மட்டும் போயிட்டேன். ஒருநாளாவது உங்க பின்னால நடந்திருக்கணும்."

லிடியா பையிலிருந்து தீப்பெட்டி அளவில் ஒரு கருவியை எடுத்தாள். மந்தைக்கு முன்னால் போகிற வெள்ளாட்டின் கழுத்தில் கட்டினால், அது நடக்கிற வழியையெல்லாம் குறித்துவிடுமாம்.

"போற எடம் அம்புட்டுமா?"

"அம்புட்டும்தான். பயமா இருந்தா வேண்டாம்மா."

அரசாங்கத் தோப்பும் அதில் வந்துவிடும். மூக்காயி தோப்புப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு மந்தைக்கு முன்னால் போகிற வெள்ளச்சியைக் கூப்பிட்டு, மணிக்குப் பக்கத்தில் தன் கையாலேயே அதைக் கட்டினாள்.

பதினைந்து நாள் கழித்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கூட்டம். கம்பெனி ஆட்களும் வருவாய் அதிகாரியும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். லிடியா சுவரில் படத்தைக் காட்டினாள். தரிசுக்குக் குறுக்கே, ஊரிலிருந்து குளம் வரை, சிவப்பாக ஒரு கோடு. ஒருநாள் கோட்டின் மேலேயே மறுநாள் கோடும் விழுந்து விழுந்து தடித்திருந்தது. அடுத்து இன்னொரு படம் வந்தது. இருபது வருஷத்துக்கு முன்னால் வானத்திலிருந்து எடுத்ததாம். அதில் கருவியும் இல்லை, சிவப்பும் இல்லை. ஆனால் அதே இடத்தில், அதே வளைவோடு, வெளிறிய ஒரு தடம் இருந்தது.

மூக்காயிக்கு மெய்சிலிர்த்தது. அவளும் அவள் ஆடுகளும் நடந்த நடை அது. கைப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தது, புருஷனைப் புதைத்த பதினேழாம் நாள் நடந்தது, எல்லாம் அதற்குள் இருந்தது. ஒருத்தரும் பார்க்கவில்லை என்று அவள் நினைத்துக்கொண்டிருந்த அத்தனையையும் மண் வைத்திருந்திருக்கிறது.

"அம்புட்டு ஒசரத்துல இருந்துமா தெரியுது?" என்று வாய்விட்டே கேட்டாள். யாரும் சிரிக்கவில்லை.

அதிகாரி கோட்டின் ஓரத்தைக் காட்டினார். "இந்தக் கிளை தோப்புக்குள்ள போகுதே. அங்கயும் மேய்ப்பீங்களா?"

லிடியாவின் முகம் வாடிவிட்டது. மூக்காயி எழுந்தாள். அந்தப் பழைய பதில் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினாள்.

"போவேன்யா. கோடையில புல்லு இல்லாட்டி போவேன். அதையும் எழுதிக்கங்க."

அதிகாரி எழுதினார். தோப்பில் மேய்த்ததற்கு அவளுக்கு ஒரு எச்சரிக்கை நோட்டீஸ் கொடுத்தார். குளத்துக்கு வழிவிடவும் உத்தரவு போட்டார்.

அடுத்த வாரம், எந்த இடத்தில் சந்து விடுவது என்று மேஸ்திரி நூலும் கையுமாக வந்து கேட்டார். மூக்காயி வெள்ளச்சியை அவிழ்த்து விட்டாள். அது யாரையும் திரும்பிப் பார்க்காமல் குளத்தை நோக்கி நடந்தது. அதற்கு இரண்டு பக்கமும் கல் ஊன்றிக்கொண்டே மேஸ்திரியின் ஆட்கள் பின்னால் போனார்கள்.