ஒரே ஒரு வெள்ளைப் படம்

இது நடந்தது. பீளமேட்டுப் பக்கம் ஓர் ஆய்வுக்கூடத்தில், புவனாவுக்கு. நம்பாதவர்களுக்குக் காட்ட அவளிடம் ஒரு படம் இருக்கிறது.

முனைவர் பட்டம் முடித்த பிறகு அங்கே அவள் ஈஸ்ட்டை ஆராய்கிறாள். ரொட்டி மாவைப் புளிக்க வைக்குமே, அதேதான். ஒற்றைச் செல் எப்போது மொட்டுவிட்டு இரண்டாகிறது என்று பார்க்க நுண்ணோக்கி மூன்று நிமிடத்துக்கு ஒரு படம் எடுக்கும். இருட்டறையில், மூன்று நாள். அதை வைத்துத்தான் செல் பிரிவதன் கணக்கைக் கணினியில் அமைப்பாள். படம் எடுக்கும் நொடியில் கதவு திறந்தால் போச்சு. படம் வெள்ளையாகிவிடும். அதனால் வருபவர் இரண்டு தட்டு தட்டிக் காத்திருப்பார். உள்ளேயிருந்து 'வாங்க' என்றால்தான் நுழைவார். கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் கணினி நேரத்தைக் குறித்துக்கொள்ளும்.

அவள் கணவன் கிருபாசங்கர் ஞாயிறுதோறும் சூலூரிலிருந்து பைக்கில் அழைத்துப்போக வருவான். டொக், டொக்.

"கொஞ்சம் பொறுங்க."

"உன்ற குட்டிகளுக்குக் கண்ணு கூசுமாக்கும்?" சிரித்துக்கொண்டே வாசல் ஸ்டூலைக் கதவைப் பார்த்துத் திருப்பிப் போட்டு உட்காருவான்.

கடைசி ஞாயிறும் பொறுக்கச் சொன்னாள். ஒரு மணி நேரம் இருந்தான். "நீ பஸ்ஸுல வந்துரு கண்ணு," என்று வெளியிலிருந்தே சொல்லிவிட்டுக் கிளம்பினான். ஒண்டிப்புதூர் தாண்டி ஒரு லாரி...

ஆறு வாரம் ஆயிற்று. புவனா அழவில்லை. சாப்பிட்டாள். தூங்கினாள். செல்களை எண்ணினாள்.

அன்றும் ஞாயிறு. அந்த மாடியில் அவள் மட்டும். மாலை 4.10.

டொக், டொக்.

"கொஞ்சம் பொறுங்க," என்றாள். பழக்கம். சொன்ன பிறகுதான் உறைத்தது.

4.12 படம் விழுந்ததும் கதவைத் திறந்தாள். யாருமில்லை. ஸ்டூல் கதவைப் பார்த்துத் திரும்பியிருந்தது. சுவரோரம் தள்ளி வைத்தாள்.

5.31. டொக், டொக்.

பேசாமல் எழுந்து திறந்தாள். யாருமில்லை. ஸ்டூல் மறுபடி கதவருகில்...

6.40க்குக் கதவைச் சாத்திவிட்டுப் பஸ் பிடித்தாள். சோதனை மறுநாள்தான் முடியும். சோதனை நடக்கிறது என்று காட்டும் சிவப்பு விளக்கு வாசலில் எரிந்தது.

திங்கள் காலை வாட்ச்மேன் பாலுசாமி வழிமறித்தார்.

"ஏனுங்க அம்மணி, சாரை இத்தன நேரமா உக்கார வெப்பீங்க?"

"எந்த சாருங்க?"

"நான் ஏழு மணிக்கு ட்யூட்டிக்கு வந்தப்பவே ஹெல்மெட்ட மடியில வெச்சுட்டு ஸ்டூல்ல இருந்தாருங்க. கேட்டா, பொறுக்கச் சொல்லியிருக்காங்கன்னாரு. செவப்பு லைட்டு எரிஞ்சுதா, நீங்க உள்ள இருக்கறீங்கன்னு நெனச்சுப்போட்டேன். ராத்திரி ஒம்போது மணிக்கு நான்தான் கதவத் தெறந்து, 'உள்ள போங்க சாரு'ன்னு அனுப்பி வெச்சேன்."

பாலுசாமி வேலைக்குச் சேர்ந்து எட்டு நாள். கிருபாசங்கரைப் பார்த்ததே இல்லை.

புவனா இருட்டறைக்குள் போனாள். கதவைச் சாத்தினாள். திரையில் இரவுப் படங்களைப் புரட்டினாள்.

9.00. செல்கள்.

9.03. வெள்ளை.

9.06. செல்கள்.

கதவு திறந்த நேரங்களைப் பார்த்தாள். மாலை 6.40, அவள் வெளியேறியது. இரவு 9.03. அடுத்தது காலை 9.13. இப்போது அவள் நுழைந்தது.

நடுவில் ஒன்றுமில்லை.

யாரும் வெளியே போகவில்லை...

புவனா திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த படம் 9.15க்கு.