சகனில் சிக்கிய சாம்ராஜ்யம்

போன ஞாயிற்றுக்கிழமை புத்தளத்தில் ஒரு கல்யாணச் சாப்பாடு. ஒரே சகன் — அந்தப் பெரிய தட்டைச் சுற்றி ஆறு பேர். மூடியைத் திறந்தாயிற்று. பிரியாணியில் ஆவி பறக்கிறது. ஆனால் ஒருவராலும் கை வைக்க முடியவில்லை. காரணம்? பிரிட்டிஷ் சாம்ராஜ்யம்!

சொல்கிறேன்.

எத்தாளையில் என் வீட்டு மேல்மாடியில் கிரகாம் என்றொரு வெள்ளைக்காரர் வாடகைக்கு இருக்கிறார். இங்கிலாந்தில் சரித்திரம் படிப்பித்து ரிட்டயர் ஆனவர். மற்ற வெள்ளைக்காரர்கள் கல்பிட்டிக்குப் பட்டத்தில் தொங்கிக்கொண்டு கடலில் சறுக்க வருவார்கள். இவர் தன் நாட்டின் பாவங்களைத் தேடி வந்தவர். அதிலும் அவர்களுடைய பாடப்புத்தகத்தில் இல்லாத பாவங்களாகப் பார்த்துப் பொறுக்குவார். மனிதர் ஒருநாளாவது நன்றாகச் சாப்பிடட்டுமே என்றுதான் கல்யாணத்துக்குக் கூட்டிப்போனேன்.

எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். சகனில் கை வைக்கும் முன் உப்பு சுற்றி வரும். ஆளுக்கு ஒரு துளி தொட்டு நாக்கில் வைக்க வேண்டும். எல்லாரும் வைத்த பிறகுதான் சோறு.

உப்புக் கிண்ணம் கிரகாமிடம் வந்தது. அவர் தொடவில்லை.

"இந்த உப்பைத் தொட எனக்கு உரிமை இல்லை" என்றார் ஆங்கிலத்தில். "இவர்களுக்கு மொழிபெயர்த்துச் சொல்லுங்கள்."

பிரிட்டிஷார் ஆண்ட காலத்தில் உப்பு அரசாங்கத்தின் சொத்தாம். கடலை ஒட்டிய களப்போரத்தில் தானாக விளைந்ததைக்கூட அள்ளினால் குற்றமாம். சில இடங்களில் யாரும் அள்ளிவிடாதபடி விளைந்த உப்பையே அழித்தார்களாம். கடல் பொங்கும் ஊரில் உப்புக்குப் போலீஸ்! அதற்காகத் தன் நாட்டின் சார்பில் மன்னிப்புக் கேட்க வேண்டுமாம். இப்போதே... இந்தச் சகனிலேயே.

நான் சுருக்கமாக மொழிபெயர்த்தேன். "உப்பு விஷயமா மன்னிப்புக் கேக்கிறார்."

எதிரே இருந்த ஹாஜியாருக்குச் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு. மாத்திரை வேறு போட்டுவிட்டு வந்திருந்தார்.

"மன்னிச்சிட்டம் எண்டு சொல்லுங்க. சோறு ஆறுது."

சொன்னேன். கிரகாமின் முகம் வாடிவிட்டது. இவ்வளவு அவசரமாக மன்னிக்கக் கூடாதாம். முழுதாகக் கேட்டுவிட்டுத்தான் மன்னிக்க வேண்டுமாம்.

"அப்ப கல்பிட்டிக் கோட்டையையும் சேத்து மன்னிச்சம் எண்டு சொல்லுங்க" என்றார் ஹாஜியார்.

"அது ஒல்லாந்தர் கட்டினது, ஹாஜியார்" என்றேன்.

"பரவாயில்ல. அவங்களையும் மன்னிச்சம்."

பக்கத்துச் சகனில் பாதி இறைச்சி முடிந்துவிட்டது. பெண்ணின் வாப்பா பதறிக்கொண்டு ஓடி வந்து, சாப்பாட்டில் ஏதும் குறையா என்று கேட்கிறார். என்ன சொல்வது? குறை சரித்திரத்தில் என்றா?

அப்போதுதான் என் பக்கத்தில் இருந்த சாலிஹ் நானா வாய் திறந்தார். தொண்ணூறில், போர்க்காலத்தில், ஆயுத இயக்கத்தார் மன்னாரிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, கட்டிய துணியோடு புத்தளம் வந்து சைக்கிள் கடை போட்டுப் பிழைத்தவர்.

"கொஞ்சம் பொறுங்க ஹாஜியார். அவர் சொல்லி முடிக்கட்டும்."

"ஏன் நானா, உங்களுக்குப் பசி இல்லையா?"

"பசிக்குது. ஆனா எங்கள ஊரை விட்டுப் போகச் சொன்னவங்க ஒருத்தரும் இண்டைக்கு வரைக்கும் எனக்கு முன்னால வந்திருந்து மன்னிப்புக் கேக்கல்ல. இவர் எனக்கு ஒண்டும் செய்யல்ல. இருந்தும் கேக்கிறார். அப்பிடிக் கேட்டா எப்பிடி இருக்கும் எண்டு ஒருக்காப் பாக்கோணும்."

அதைக் கிரகாமுக்கு ஆங்கிலத்தில் சொன்னேன். கிரகாம் முதலிலிருந்து தொடங்கினார். இந்த முறை ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன். சாலிஹ் நானா தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் உப்புக் கிண்ணத்தை எடுத்து அவரே நீட்டினார். கிரகாம் தொட்டு நாக்கில் வைத்தார்.

ஹாஜியார் சொன்ன பிஸ்மில்லா மண்டபம் முழுக்கக் கேட்டிருக்கும்.

ஆறிய பிரியாணிதான்... ஆனாலும் ஒரு பருக்கை மிஞ்சவில்லை.

கை கழுவும்போது கேட்டேன். "எப்பிடி இருந்திச்சு நானா?"

"நல்லாத்தான் இருந்திச்சு" என்றார். "கேக்க வேண்டியவங்களும் ஒரு நாளைக்கு வரட்டும். சோறு ஆறினாலும் பரவாயில்ல."