பன்னிரண்டு கார்டும் ஒரு இடது கையும்

அந்தத் தையல் ஆலையில் அவள் பெயரைச் சொல்லிக் கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. கார்டு அக்கா என்றால் வாட்ச்மேன் கூட வழிகாட்டுவார். வேலை என்னவோ செக்கிங். தைத்து முடிந்த சட்டையை மேசையில் விரித்து, தையலைத் தடவி, ஒவ்வொரு பட்டனையும் பிடித்து ஓர் இழுப்பு இழுத்துப் பார்க்க வேண்டும். பட்டன் கையோடு வந்தால் பீஸ் திரும்பிப் போகும். பதினாறு வருஷமாக இதுதான். வீட்டில் பள்ளி வேன் ஓட்டும் கணவர், பத்தாவது படிக்கும் மகள். வாய் நீளம், கை சுத்தம். இரண்டும் ஆலை அறிந்தது.

பட்டப்பெயருக்குக் காரணம் சூப்பர்வைசர். சம்பள நாளில் ஒரு லைன் முழுக்க எழுந்து ஏடிஎம்முக்குப் போனால் உற்பத்தி நின்றுவிடுமாம். "ஒருத்தி போய் எல்லாருக்கும் எடுத்துட்டு வரட்டும்" என்று அவர்தான் ஏற்பாடு செய்தார். பன்னிரண்டு பெண்கள் கார்டைக் கொடுப்பார்கள். ஒவ்வொரு கார்டின் முதுகிலும் சட்டைக்கு ஒட்டும் அளவுச் சீட்டு, அதில் பேனாவால் ரகசிய எண். அக்கா எதிர்த்தெரு வங்கியின் ஏடிஎம்மில் முதலில் தன் பணத்தை எடுப்பாள், பிறகு மற்றவர்களுடையதை. சாயங்காலத்துக்குள் கார்டும் பணமும் அவரவர் கையில்.

அந்த மாதமும் அப்படித்தான். மூன்றாம் நாள் சாப்பாட்டு நேரத்தில் போனைத் திறந்த, நூல் பிசிறு வெட்டும் பெண் வீறிட்டாள். வெட்டிப் பேசும் வாய்க்காக எல்லோரும் அவளைக் கத்தரி என்றுதான் கூப்பிடுவார்கள். கணக்கில் மிச்சம் வைத்திருந்தது அத்தனையும், அவள் கால் வைக்காத ஒரு வெளியூரில், யாரோ எடுத்துவிட்டிருந்தார்கள். பக்கத்தில் இருந்தவளும் போனைப் பார்த்தாள். அவளுக்கும் அதே கதி. பன்னிரண்டு பேருக்கும் அதே கதி.

அக்காவின் கணக்கில் மட்டும் ஒரு காசு குறையவில்லை.

"பதிமூணு பேர்ல பன்னிரண்டு பேர் காலி" என்றாள் கத்தரி. "மிச்சம் இருக்கிறது யாருன்னு பாருங்கடி."

"நான் எடுத்திருந்தா என் கணக்கையும் சேத்து வழிச்சிருக்க மாட்டேனா? அவ்வளவு மக்காடி நான்?"

 அக்கா தண்ணீர் பிடிக்கப் போனால் விலகி நின்றார்கள். பதினாறு வருஷம் ஒரே மேசையில் சாப்பிட்டவர்கள். அன்று இரவு மகள், "நீ எடுக்கலதானேம்மா?" என்று கேட்டது அதைவிட வலித்தது.

மறுநாள் பன்னிரண்டு பேரையும் அக்காவே வங்கிக்கு இழுத்துப் போனாள். மாடியில் மேனேஜர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"ரகசிய எண்ணை அடுத்தவங்களுக்குக் கொடுத்தது உங்க தப்பு. வங்கி பொறுப்பாகாது."

"கொடுத்தது தப்புதான் சார். ஆனா கார்டெல்லாம் அன்னைக்கே அவங்ககிட்ட கொடுத்துட்டேன். நான் இங்க பட்டன் இழுத்துட்டு இருக்கறப்போ வெளியூர்ல எடுத்தது எந்தக் கார்டு?"

"அதெல்லாம் போலீஸ்ல கேளுங்க."

எரிச்சலோடு படியிறங்கியவள் நேரே கீழே, மாதாமாதம் பணம் எடுக்கும் அதே ஏடிஎம் அறைக்குள் நுழைந்தாள். கார்டு செருகும் வாயைப் பார்த்தாள். ஓரத்தில் பசை பிதுங்கியிருந்தது. சட்டையில் என்றால் விடுவாளா? விரலால் பிடித்து ஓர் இழுப்பு. வாய் கையோடு வந்தது. உள்ளே இன்னொரு வாய், அசல் வாய், சமர்த்தாக இருந்தது. எண் பலகைக்கு மேலே ஒட்டியிருந்த பட்டையில் கடுகளவு ஓட்டை. அதையும் இழுத்தாள். பின்னால் குட்டிக் கேமரா. வங்கிக்காரர்கள் பார்க்கவே மாட்டார்கள் என்று திருடனுக்கு எவ்வளவு நம்பிக்கை! கழற்றிக்கொண்டு போகக்கூட மெனக்கெடவில்லை.

மேனேஜர் மூச்சிரைக்க ஓடிவந்தார். மாடியில் 'உங்க'வாக இருந்தது கீழே 'நீ'க்கு இறங்கியிருந்தது.

"யாரைக் கேட்டு மெஷினை உடைச்ச?"

"உடைஞ்சது திருடன் மெஷின் சார். உங்களோடது பத்திரமா உள்ள இருக்கு."

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. தன் கார்டைப் போடும்போது இடது உள்ளங்கையைக் கூரை மாதிரி எண்கள் மேல் கவிழ்ப்பாள். என்றோ ஒருவன் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்ததிலிருந்து அந்தப் பழக்கம். மற்றவர்களின் முறையில் இடது கையில் கார்டுக் கட்டு. சீட்டைப் பார்த்துப் பார்த்து வலது கையால் அழுத்துவாள். பலகை கேமராவுக்குத் திறந்து கிடக்கும். பொய் வாய் பதிமூன்று கார்டையும் நகல் எடுத்தது. எண் சிக்காத அவளுடைய நகல் மட்டும் வெற்றுத் தகடாகிப் போனது.

"என் காசை மூடின கை உங்க காசை மூடலையேடி" என்றாள். 

போலீஸ் வந்து இரண்டையும் பையில் போட்டுக்கொண்டு போனது. பணம் திரும்பி வர முப்பத்தெட்டு நாள் ஆனது. மேனேஜர் வாயிலிருந்து மன்னிப்பு வரவில்லை. சுவரில் ஓர் அறிவிப்புதான் வந்தது: எண்ணை அழுத்தும்போது கையால் மறைக்கவும்.

"மறைக்கறோம். மெஷினை வாரத்துக்கு ஒரு தடவை இவங்க இழுத்துப் பார்த்தா கை தேஞ்சா போயிடும்? நான் ஒரு நாளைக்கு நானூறு சட்டை இழுக்கறேன்!"

பணம் திரும்பும் முன்பே வந்த அடுத்த சம்பள நாளில், முதுகில் பழையபடி சீட்டோடு புதுக் கார்டைக் கத்தரி நீட்டினாள்.

"மனசுல வச்சுக்காதக்கா. இப்ப உன்மேல முழு நம்பிக்கை. நீயே எடுத்துட்டு வந்துடு."

அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உன் சந்தேகத்தையும் பார்த்தாச்சு, நம்பிக்கையையும் பார்த்தாச்சு. ரெண்டும் வேணாம். முதல்ல அந்தச் சீட்டைக் கிழி. புது நம்பர் மாத்து. எழுந்து வா."

சூப்பர்வைசர் குறுக்கே வந்தார். "உற்பத்தி குறையும்மா."

"பன்னிரண்டு பேர் காலியானப்போ ஒரு பீஸாவது குறைஞ்சுதா சார்? நாலு நாலு பேரா போறோம். வேணும்னா லைனை நிறுத்திட்டு ஒண்ணாவே போறோம். எதுன்னு சொல்லுங்க."

நாலு நாலு பேராகப் போகச் சொன்னார்.

இத்தனை வருஷத்தில் கத்தரி ஏடிஎம்மின் எண் பலகையைத் தொட்டதே இல்லை. விரலை நீட்டி மடக்கினாள். "அக்கா, நீயே அழுத்தேன்" என்று கெஞ்சினாள்.

"மாட்டேன். நம்பரும் சொல்லாத" என்ற அக்கா, அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கதவை அடைத்து நின்றாள்.