சின்னம்மாவுக்கு ஒரு விரதம்

தாய் இல்லாதவர்கள் சித்திராப் பௌர்ணமிக்கு விரதம் பிடிப்பார்கள். தகப்பன் இல்லாதவர்கள் ஆடி அமாவாசைக்குப் பிடிப்பார்கள். எங்கள் பக்கத்தில் இதற்கு மேல் விளக்கம் கேட்பவர்கள் இல்லை. தாய் உயிரோடு இருக்கும்போது ஒருத்தி சித்திராப் பௌர்ணமி பிடித்தால், தாயைச் சாகச் சொல்கிறாள் என்றுதான் அர்த்தம். பகிடிக்குக்கூட அதை யாரும் செய்யமாட்டார்கள்.

அப்பாவுக்கு நான் வருஷா வருஷம் ஆடி அமாவாசை பிடிக்கிறேன். அதில் குழப்பம் ஒன்றுமில்லை, அப்பா ஒருவர்தான். அம்மா விஷயத்தில்தான் சிக்கல். என்னைப் பெற்றவர் ஒருவர், வளர்த்தவர் இன்னொருவர். வளர்த்தவர் செத்துப்போய் ஒரு வருஷமாகி, ஆட்டைத் திவசமும் முடிந்துவிட்டது. பெற்றவர் என் வீட்டுக் குசினியில் நின்று, காஸ் அடுப்பைக் கண்டுபிடித்தவனைத் திட்டிக்கொண்டிருந்தார். சித்திரை பிறந்து பௌர்ணமியும் கிட்ட வந்துவிட்டது. நான் விரதம் பிடிப்பதா, விடுவதா?

எனக்கு நாலு வயதாக இருக்கும்போது அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனார். அப்பாவுக்குத் துறைமுகத்தில் மூட்டை இறக்குகிற வேலை. பிள்ளையைப் பார்க்க ஆள் வேண்டும் என்று, அம்மாவே தன் தங்கச்சியைத் தங்கள் ஊரான இலங்கைத்துறையிலிருந்து கூட்டிவந்து வீட்டில் விட்டுவிட்டுத்தான் பிளேன் ஏறினார். இரண்டு வருஷ ஒப்பந்தம். வேலைக்குப் போன வீட்டுக்காரர் பாஸ்போட்டை வாங்கி வைத்துக்கொண்டு விடவில்லை என்பது பிறகு தெரிந்த கதை. அம்மா திரும்பி வந்தபோது நான் ஆறாம் வகுப்பு. சின்னம்மா அதற்குள் அப்பாவின் மனைவியாகியிருந்தார். அது எப்படி நடந்தது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. எங்களுடையது ஒரேயொரு அறை உள்ள வீடு, ஆகவே நானும் கேட்கவில்லை.

அம்மா வந்த அன்று முற்றத்தில் நின்றார். சின்னம்மா கதிரையைக் கொண்டுவந்து போட்டார். அம்மா அதில் இருக்கவில்லை. என்னைப் பார்த்து, "வளந்திட்டாய்" என்றார். கொண்டுவந்த பையை வாசலில் வைத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் தமையன் வீட்டுக்கு, இலங்கைத்துறைக்கே, போய்விட்டார். ஒரு சத்தம் சண்டை இல்லை. வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்ற சனத்துக்குப் பெரிய ஏமாற்றம். அதற்குப் பிறகு அக்காவும் தங்கச்சியும் ஒரு சொல் கதைத்ததில்லை. என்னைக் கூட்டிக்கொண்டு போக அம்மா கேட்டாரா என்று எனக்குத் தெரியாது. கேட்டிருந்தாலும் நான் போயிருக்கமாட்டேன். அது அவருக்கும் விளங்கியிருக்கும் என்று நினைக்கிறேன்.

அதன் பிறகு ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்த நான் சின்னம்மாவை "அம்மா" என்று கூப்பிட்டேன். வேண்டுமென்றுதான் கூப்பிட்டேன். இடியப்பம் பிழிந்துகொண்டிருந்தவர் உரலைக் கீழே வைத்தார்.

"உன்ர அம்மா உயிரோட இருக்கிறா. நான் சின்னம்மா. விளங்கிச்சோ?"

"ஓம்."

"எங்க, சொல்லு பாப்பம்."

"சின்னம்மா."

"ம். போய்க் காலைக் கழுவு."

அவ்வளவுதான் கதை. அக்காவிடமிருந்து எடுத்தது போதும், அந்தச் சொல்லையும் எடுக்கக் கூடாது என்று நினைத்திருப்பார் போல. இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை, நானும் ஒரு பிள்ளையைப் பெற்ற பிறகு நானாகவே யோசித்துக் கண்டது.

அன்பான வார்த்தை என்று சின்னம்மாவின் வாயிலிருந்து ஒன்று வந்ததாக ஞாபகம் இல்லை. செய்வதையெல்லாம் செய்துவிட்டுத் திட்டுவார். எனக்கு அம்மாள் வருத்தம் வந்து உடம்பெல்லாம் கொப்புளம் போட்டிருந்தபோது, வேப்பிலையால் தடவிக்கொண்டே, "கண்டறியாத வெயிலுக்குள்ள திரிஞ்சதுக்கு நல்லா வேணும்" என்றார். எனக்குப் பிரசவ நோ வந்தபோது ஆஸ்பத்திரி வாசல் வரை என் முதுகைத் தேய்த்துக்கொண்டே வந்தார், ஓட்டோக்காரனைத் திட்டிக்கொண்டும் வந்தார். அவருக்கு வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. நான் ஒருத்திதான். கடைசியில் புற்றுநோய் வந்து என் வீட்டில்தான் கிடந்தார். துடைத்து, கழுவி, கஞ்சி பருக்கியது நான். "லீவை வீணாக்காத, கந்தோருக்குப் போ" என்பதுதான் அவர் எனக்குச் சொன்ன கடைசிப் புத்திமதி.

செத்தவீட்டுக்கு அம்மா வந்தார். பெண்களோடு பெண்ணாகப் பிரேதம் எடுக்கும்வரை இருந்தார். அழவில்லை. நானும் அழவில்லை, எனக்கு வேலை இருந்தது. கொள்ளி வைத்தது என் கணவர்.

சில மாதங்களில் அம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்து முழங்காலை உடைத்துக்கொண்டார். மாமா வீட்டில் பார்க்க ஆளில்லை. கணவர் வான் பிடித்துப் போய் அன்புவழிபுரத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்தார். சின்னம்மா கிடந்த அறைதான் காலியாக இருந்தது, அதில்தான் அம்மாவை விட்டோம். கட்டிலின் தலைமாட்டை மட்டும் மாற்றிப் போடச் சொன்னார்.

தெரிந்தவர்கள் வந்தார்கள். எட்டிப் பார்த்துவிட்டு, "இவவோ உங்கட உண்மையான அம்மா?" என்று என் காதுக்குள் கேட்டார்கள். இந்த 'உண்மையான' என்ற சொல்லைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எனக்குச் சாப்பாடு போட வேண்டுமென்று அந்நிய நாட்டில் அறைக்குள் பூட்டுப்பட்டுக் கிடந்தவர் உண்மையில்லையா? இங்கே இருந்து என் தலையில் பேன் பார்த்தவர் உண்மையில்லையா? இரண்டு பேருமே உண்மைதான். ஒருவராவது பொய்யாக இருந்திருந்தால் என் பாடு எவ்வளவோ சுகம்.

அம்மாவின் காலுக்கு எண்ணெய் போட்டுத் தேய்ப்பேன். இரக்கத்திலா, கடமைக்கா, ஊர் வாய்க்குப் பயந்தா என்று எனக்கே சொல்ல ஏலாது. எண்ணெய் சூடு போதுமா என்றுதான் அந்த நேரத்தில் பார்த்தேன். இரக்கம் என்பது பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது என்று நினைக்கிறேன். செய்யும்போது மனம் வேறு எங்கேயோ இருக்கும்.

விரதக் கதையை முதலில் கணவரிடம்தான் எடுத்தேன். சீனன்குடாவில் வேலை முடித்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "ரெண்டு பேருக்கும் பொதுவா அரை விரதம் பிடியும்" என்றார். சோற்றுக் கோப்பையைப் பறித்துவிடலாமா என்று இருந்தது. கந்தோரில் என் பக்கத்து மேசையில் இருக்கும் கிண்ணியா முஸ்லிம் தோழி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். "எங்கட ஆக்கள் ஆருக்கும் எப்பயும் துஆக் கேப்பம். நீங்க ஏன் புள்ள இவ்வளவு கஷ்டப்படுறீங்க?" என்றார். எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.

கோயிலுக்குப் போய் ஐயரிடம் கேட்டேன். "பெத்த தாய் இருக்கிறாவோ?" என்றார். "ஓம்." "அப்ப கூடாது, பிள்ளை. அவவின்ர ஆயுளுக்குக் கூடாது." வளர்த்தவர் என்று இழுத்தேன். "அது சரி. ஆனா பெத்தவ இருக்கிறாவெல்லே?" என்று திரும்பவும் அதே இடத்துக்கு வந்து நின்றார். அவரையும் குறை சொல்ல ஏலாது. சின்னம்மாவே எனக்கு அதைத்தானே சொல்லித் தந்தார்.

இருந்தாலும் மனம் கேட்கவில்லை. நான் பிடிக்காவிட்டால் சின்னம்மாவுக்கு இந்த உலகத்தில் ஒருவரும் இல்லை. அவருடைய பெயரைச் சொல்லி ஒரு பிடி சோறு வைக்க ஆளில்லை என்றால், அவர் இருந்ததற்கே அடையாளம் இல்லாமல் போய்விடும். ஒருவருக்கும் சொல்லாமல் பிடிப்பது, கேட்டால் வயிறு சரியில்லை என்பது என்று முடிவெடுத்தேன்.

அன்று காலை அம்மா முழுகிவிட்டு, ஈரத் தலையோடு எங்களுக்குப் புட்டு அவித்துக்கொண்டிருந்தார். அவருக்கு விரதம். தன் தாய்க்கு, அதாவது என் அம்மம்மாவுக்கு, அவர் ஒரு வருஷமும் தவறவிட்டதில்லை. எனக்கு முன்னால் கோப்பையை வைத்தார்.

"எனக்கு வேண்டாம். வயிறு சரியில்லை."

"எந்த வயிறு? ராத்திரி நல்லாத்தானே திண்டனீ."

அம்மா என் தலையைப் பார்த்தார். நானும் முழுகியிருந்தேன். வேலை நாளில்கூட அந்த நேரத்துக்கு எழும்பாதவள் நான்.

"ஆருக்குப் பிடிக்கிறாய்? எனக்கோ? நான் இன்னும் கட்டையில போகேல்லை."

"உங்களுக்கில்லை."

"அப்ப?"

தெரிந்துகொண்டுதான் கேட்டார். எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ தெரியாது. "அவவுக்கு ஆர் இருக்கினம்? சொல்லுங்கோ பாப்பம். என்னை வளர்த்துப்போட்டு அனாதையாப் போறதோ அவ? உங்களுக்குச் செய்ய நான் இருக்கிறன். அவவுக்கு ஆர்?" என்று கத்தினேன். முன்வீட்டுக்கே கேட்டிருக்கும்.

அம்மா கத்தவில்லை. "உன்னைப் பெத்தனான் இன்னும் இருக்கிறன். நான் கண்ணை மூடின பிறகு நீ என்னத்தையும் பிடி. இப்ப தின்னு" என்றார்.

கைத்தடியைக் கட்டிலடியில் விட்டுவிட்டு வந்திருந்தார். ஒரு கையால் மேசையைப் பிடித்திருந்தார், உடைந்த கால் நடுங்கிக்கொண்டிருந்தது. நான் சாப்பிடும்வரை அந்த இடத்தை விட்டு அசையமாட்டார் என்று தெரிந்தது. தான் உயிரோடு இருப்பதை ஒப்புக்கொள் என்று ஒரு கிழவியை இப்படி நின்று கேட்க வைப்பது சரியில்லை. கதிரையை இழுத்து இருந்தேன். சாப்பிட்டேன். ஒவ்வொரு வாய்க்கும் சின்னம்மாவை நடுத்தெருவில் விட்டுவிட்டு வருகிற மாதிரி இருந்தது. அந்த நேரம் அம்மா மேல் எனக்கு இருந்தது வெறுப்புத்தான். வேறு சொல் போட்டு அதை மூட விருப்பமில்லை.

அம்மாவைக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போவதும் என் தலையில்தான் விழுந்தது. ஓட்டோவில் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு போனோம். மடியில் தட்டு. அரிசி, பூசணிக்காய், வாழைக்காய், கத்தரிக்காய், வெற்றிலை. தாய் போனவர்கள் அன்று இப்படித் தானம் கொடுத்து, தாயின் பெயருக்கு மோட்ச அருச்சனை செய்விப்பார்கள்.

வரிசை நீளம். எல்லோரும் தட்டோடு நின்றார்கள். எங்களுக்கு முன்னால் நின்ற ஒரு பெரிய மனிதர், மீசையெல்லாம் நரைத்தவர், தாயின் பெயரைச் சொல்லும்போது குரல் உடைந்து அழுதார். நான் தட்டைப் பிடித்துக்கொண்டு அம்மாவுக்குப் பின்னால் நின்றேன். எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. தாய் இருப்பவள்.

எங்கள் முறை வந்தது. தட்டை ஐயருக்கு முன்னால் வைத்தேன். ஐயர் தலையை நிமிர்த்தாமலே கேட்டார். "பேர்?"

அம்மா சின்னம்மாவின் பெயரைச் சொன்னார்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. அம்மாவுக்குத் தடுமாறிவிட்டது என்று நினைத்தேன். அந்தப் பெயரை அவர் சொல்லி நான் ஒரு நாளும் கேட்டதில்லை. தெளிவாக, முழுப் பெயராக, அப்பாவின் பெயரையும் முன்னால் சேர்த்துச் சொன்னார். அப்பாவின் மனைவி என்று ஊரறியச் சொல்வதற்கு எப்படிச் சொல்ல வேண்டுமோ, அப்படி.

"அம்மா," என்று அவருடைய தோளைத் தொட்டேன். "அப்ப அம்மம்மாவுக்கு?"

"அவவுக்கு இவ்வளவு காலமும் செய்தனான்தானே. ஒரு வருசம் பொறுப்பா."

ஐயர் இப்போது நிமிர்ந்தார். என்னை அவருக்கு அடையாளம் தெரிந்தது. அம்மாவைப் பார்த்து, "உங்கட தாயின்ர பேரோ?" என்று கேட்டார்.

"இல்லை."

"அப்ப என்ன முறை?"

தங்கச்சி என்று சொல்வார் என நினைத்தேன். அது பொய்யுமில்லை. அம்மா என் பக்கம் கையைக் காட்டினார்.

"இவளின்ர தாய்."

ஐயர் என்னையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார். பின்னால் வரிசை முணுமுணுக்கத் தொடங்கியிருந்தது. "அப்ப நீங்கள் ஆர், அம்மா?"

"நான் இவளைப் பெத்தனான்," என்றார் அம்மா. "விரதம் நான்தான் பிடிச்சிருக்கிறன். நீங்கள் மந்திரத்தைச் சொல்லுங்கோ."

தானம் கொடுக்கும்போது செத்தவரின் பிள்ளைகள் தட்டைத் தொட்டுக்கொண்டு நிற்க வேண்டும். ஐயர் தண்ணீரை எடுத்தார். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஏன் மரம் மாதிரி நிக்கிறாய்? கையை வை," என்றார்.

வைத்தேன். ஐயர் கண்டும் காணாதவர் போல மந்திரத்தைத் தொடங்கினார். சின்னம்மா செத்ததற்கு அன்றைக்குத்தான் நான் அழுதேன்.