பதில் வரும்வரை

நவம்பர் ஒன்பது. விடியற்காலையில் தெளிந்திருந்த வானம், இருவரும் மலையுச்சியை அடைந்தபோது பனிமூட்டத்தில் மறைந்துவிட்டது. நீட்டிய கை தெரிந்தது. அதற்கப்பால் ஒன்றும் தெரியவில்லை.

முன்னால் சென்றவர் பள்ளி வேன் ஓட்டுநர். பின்னால் வந்தவர் அவருடைய அக்காள் கணவர். எங்கள் குடியிருப்பின் லிஃப்ட் மெக்கானிக். ஓடையோரக் காட்டின் வழியே ஏறி, உச்சியைத் தொட்டு, மறுபக்கமாக இறங்கிப் புறப்பட்ட இடத்துக்கே திரும்பும் நான்கு நாள் நடை அது. அன்று மூன்றாம் நாள்.

இருண்ட லிஃப்ட் குழிக்குள் தயங்காமல் இறங்குபவர் மெக்கானிக். ஆயினும், "வரட்டுமா?" என்று அவர் கேட்டு, "வாங்க" என்று கூட்டாளி சொல்லாமல் காலை எடுத்துவைக்கமாட்டார். பதில் வருமுன் அசைந்த ஒருவருடைய கால் நசுங்கியதைக் கண்ணால் கண்டவர். அதே பழக்கத்தை ஓடையைக் கடக்கும்போதெல்லாம் கடைப்பிடித்தார்.

"மாமா, இது ஓடை. பட்டனை அமுக்கினா மேல தூக்கிட்டுப் போகாது."

"நீ பதிலைச் சொல்லு மாப்ள."

"கல்யாண வீட்டு வாசல்ல நிக்கிற மாதிரி எத்தனை தடவைதான் வாங்க வாங்கன்னு சொல்றது?"

இரண்டாம் நாள் மாலையோடு வேன்காரர் சலித்துப்போய்ப் பதில் சொல்வதையே நிறுத்திவிட்டார். ஆகவே, உச்சியில் "வரட்டுமா?" என்று கேட்டுப் பதில் வராதபோது, அது அலுப்பா ஆபத்தா என்று மெக்கானிக்குக்கு விளங்கவில்லை. மறுபடியும் கேட்டார். காற்றின் இரைச்சல்தான் வந்தது. நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

"மாப்ள, விளையாடாத. ஒரு வார்த்தை சொல்லு."

நெடுநேரம் கழித்துக் குரல் எழுந்தது. முன்னாலிருந்து அல்ல, இடப்பக்கம், அவர் காலுக்கும் கீழிருந்து.

"வராதீங்க மாமா."

பாதையென்று நம்பி வேன்காரர் மிதித்த புல்திட்டு சரிந்திருந்தது. முதுகுப்பை ஒரு வேரில் மாட்டியதால் தொங்கிக்கொண்டிருந்தார். விழுந்த வேகத்தில் மூச்சடைத்து, அதுவரை அவருக்குக் குரலே எழவில்லை.

மெக்கானிக் கூடாரக் கயிற்றின் ஒரு முனையைப் பாறையில் கட்டி, குப்புறப் படுத்து மறுமுனையை இறக்கினார்.

"கட்டிட்டியா?"

"கட்டிட்டேன்."

"இழுக்கட்டுமா?"

"இழுங்க."

ஒவ்வொரு இழுப்புக்கும் கேட்டார். ஒவ்வொரு முறையும் பதில் வந்தது, கிண்டல் வரவில்லை.

வீடு திரும்பியபின், தம்பியின் கன்றிப்போன தோளுக்கு ஒத்தடம் கொடுத்தபடியே மெக்கானிக்கின் மனைவி கேட்டார்:

"இவன் பதிலே சொல்லலைன்னா, நீங்க இறங்கித் தேடியிருப்பீங்கதானே?"

மெக்கானிக் மைத்துனரைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார்.

"இல்ல. அங்கேயே உட்கார்ந்திருப்பேன்."