வேலிக்கு அப்பால் மலர்ந்த பூசணிப்பூ

இதனை எழுதாதொழிந்தால் நன்றி மறந்தவனாவேன்.

வில்லியனூரை அடுத்த எங்கள் தோட்டத்து வேலியே பிரெஞ்சு ஆட்சியின் எல்லை. பூசணிக்கொடி அதனைத் தாண்டி ஆங்கிலேயர் மண்ணில் பெண்பூவை மலர்த்தியிருந்தது. வண்டுகள் வாராமையால், வைகறையில் ஆண்பூ ஒன்றைக் கிள்ளி, அதன் மகரந்தத்தைப் பெண்பூவில் தொட்டுவைக்க வேலியினூடே கையை நீட்டினேன். மறுபுறத்திலிருந்து ஒரு கை என் மணிக்கட்டை இறுகப் பற்றியது. ஆங்கிலேயரின் சுங்கக்காவலர்!

"கடத்தல் இல்லை ஐயா, பூவுக்குப் பூ சேர்க்கிறேன்!" எனப் பதறினேன்.

"இன்னா பூவோ, எழவோ! கைய ஆட்டாதய்யா. எலைக்கு அடியில பாரு, விரியன்!"

என் விரல்களுக்கு ஒரு சாண் தொலைவில் அது சுருண்டு கிடந்தது. அது ஊர்ந்து அகலும்வரை அவர் பிடி தளரவில்லை. பின்னர் ஆண்பூவை வாங்கித் தாமே தொட்டுவைத்து, "காய்ச்சா எங்க பக்கம்தானே காய்க்கும்!" என்று சிரித்தார்.

சுங்கக்காவலரை அதுவரை பகைவராகவே எண்ணியிருந்தேன். அவர் பெயரையும் கேளாமலே வந்துவிட்டேன். பூக்களைப் பற்றிப் பிழைபட எழுதியிருப்பின் அறிந்தோர் திருத்துக.