இங்கிலீஷில் சொல்லச் சொன்னேன்

புரோஸ்டேட் வீங்கிச் சிறுநீர் அடைத்துக்கொண்டபோது, ஆபரேஷன் வரைக்கும் இருக்கட்டும் என்று ஆஸ்பத்திரியில் ஒரு குழாயைச் செருகி, அதன் முனையில் ஒரு பையையும் மாட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். அங்கே என்னைப் பார்த்துக்கொண்டவர்கள் சீனத் தாதியும் பிலிப்பினோ தாதியும். "அங்கிள், பேக் ஃபுல்" என்பார்கள். நான் பேப்பர் படிப்பதுபோல் இருந்துவிடுவேன். பெரிதாக வெட்கம் வரவில்லை.

சிங்கப்பூர் மார்சிலிங்கில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்த தாதி தமிழ்ப் பெண். என் மகள் வயது. "வணக்கம் அங்கிள், ஒண்ணுக்குப் போற குழாயையும் பையையும் எப்படிப் பாத்துக்கிறதுன்னு சொல்லித்தர வந்திருக்கேன்" என்றாள். எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. மனைவியை உள்ளே போகச் சொன்னேன்.

"இங்கிலீஷ்லயே சொல்லும்மா, எனக்கு அதான் ஈஸி லா."

சுத்தப் பொய். கப்பல் பட்டறையில் நான் காலம் தள்ளிய இங்கிலீஷ் வேறு, இது வேறு. அவள் பொறுமையாகத்தான் சொன்னாள். நான் சுவரைப் பார்த்துத் தலையாட்டினேன். பாதிதான் புரிந்தது. மறுபடி கேட்க மானம் விடவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் தமிழ்ப் பூசையில் பைபிள் வாசகம் வாசிப்பது என் முறை. பையைத் தொடையில் கட்டினால் வேட்டியில் புடைத்துத் தெரியும். அதனால் வயிற்றுக்கு மேலே தூக்கி, பெல்ட்டால் இறுக்கி, ஜிப்பாவைப் போட்டு மறைத்தேன். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

மேடை ஏறும்போதே அடிவயிறு கல்லாகிவிட்டது. வாசித்துக்கொண்டிருக்கும்போது குழாயைச் சுற்றிக் கசிந்து வேட்டி நனைந்தது. இறங்கி வரும்போது மறைத்துக்கொள்ள எதுவும் இல்லை. முன்வரிசைக்காரர்கள் சட்டென்று குனிந்து பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினார்கள். யாராவது சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

மறுநாள் அதே தாதி வந்து, நடந்ததைக் கேட்டாள்.

"பை எப்பவும் இடுப்புக்குக் கீழதான் இருக்கணும் அங்கிள். மேல கட்டினா எப்படி இறங்கும்? அன்னைக்கே சொன்னேனே!"

இந்தத் தடவை மனைவியையும் பக்கத்தில் உட்காரவைத்துத் தமிழிலேயே சொன்னாள். சொன்னதை என் வாயால் திருப்பிச் சொல்லவும் வைத்தாள். தலையைக் குனிந்துகொண்டு ஒப்பித்தேன்.

அவள் கிளம்பப் போனபோது மனைவி மெதுவாகக் கேட்டாள்.

"சிஸ்டர், எனக்கும் இருமினா, தும்மினா சிந்திடுது. துணி வச்சுக்கிட்டுத்தான் வெளிய போறேன். இதுக்கு ஏதாச்சும் பண்ண முடியுமா?"

"எவ்வளவு நாளா ஆன்ட்டி?"

"சின்னவன் பொறந்ததுலேர்ந்து."

"அங்கிள்கிட்ட சொல்லலையா?"

மனைவி என் பக்கம் திரும்பவில்லை. "அவருக்கு இதெல்லாம் பேசினா பிடிக்காது" என்றாள்.

தாதி மறுபடி உட்கார்ந்து, பயிற்சி செய்தாலே நிறையப் பேருக்குக் குறையும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள். என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. எம்ஆர்டி ரயிலில் போகும்போது மனைவி நடுவில் இறங்கி டாய்லெட் தேடுவாள். "வீட்லயே முடிச்சுட்டு வரத் தெரியாதா?" என்று நாலு பேர் கேட்கக் கத்தியிருக்கிறேன்.

சின்னவனுக்குப் போன மாதம்தான் கல்யாணம் நடந்தது. அவன் பிறந்த நாளிலிருந்து அவள் துணி வைத்துக்கொண்டுதான் என் பின்னால் நடந்து வந்திருக்கிறாள். சீக்கிரம் வா, சீக்கிரம் வா என்று நான் விரட்டிக்கொண்டே முன்னால் போயிருக்கிறேன்.